எரிந்த மூன்றும் எஞ்சிய ஒன்றும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய அரசவைகளில் போர்க்கள ஓவியம் தனியொரு தொழிலாகவே நிலைபெற்றிருந்தது. அரசர் நடத்திய போரை, அது முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், கித்தானில், அதாவது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வெண்பூச்சிட்ட தடித்த துணியில், தைல வண்ணம் கொண்டு ஆளுயரத்தினும் பெரிதாகத் தீட்டி அரண்மனைக் கூடத்தில் நிறுத்துவதே அத்தொழிலின் பணியாகும். பிரான்சில் லூயி பிலிப் மன்னர் 1837-இல் வெர்சாய் அரண்மனையில் திறந்துவைத்த போர்க்களக் கூடம் இத்தொழிலின் உச்சம் எனலாம், கி.பி. 496-இன் டொல்பியாக் போர் தொடங்கி 1809-இன் வாக்ராம் போர் வரை பிரெஞ்சுப் படைகள் கண்ட வெற்றிகளை 33 பெரும் ஓவியங்கள் அங்கே வரிசையாகக் காட்டுகின்றன. ருஷ்யப் பேரரசிலும் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் இதற்கெனத் தனி வகுப்பு இருந்தது. அவ்வகுப்பில் கற்றவன் எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் ஐயம் கொள்ள வேண்டியதில்லை: நடுவில் குதிரைமேல் தளபதி, அவர் கைநீட்டும் திசையில் அணிவகுத்த படை, மேலே புகையும் கொடியும், கீழ் மூலையில் ஓரிரு பிணங்கள். அப்பிணங்களும் பார்ப்பவரை முகஞ்சுளிக்க வைக்காத அளவுக்கு ஒழுங்காகவே கிடக்கும்.

இத்தொழிலுக்குள்ளிருந்து வந்து இத்தொழிலின் இலக்கணத்தைத் தலைகீழாக்கியவர் வசீலி வெரெஷ்சாகின் என்னும் ருஷ்ய ஓவியர். அவர் 1871-இல் தீட்டிய ‘போரின் தெய்வமாக்கம்’ என்னும் ஓவியம் இன்று மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்தில் உள்ளது. 127 சென்டிமீட்டர் உயரமும் 197 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட அக்கித்தானில் தளபதியும் இல்லை, படையும் இல்லை, குருதியும் இல்லை. வெயிலில் காய்ந்து மஞ்சளித்த வெட்டவெளியில் மண்டையோடுகள் கூம்பாகக் குவிந்திருக்கின்றன. அவற்றின் மீதும் சுற்றிலும் காக்கைகள் அமர்ந்தும் பறந்தும் திரிகின்றன. பட்டுப்போன மரங்கள் சில நிற்க, தொலைவில் பாழடைந்த நகரொன்றின் சுவர்கள் தெரிகின்றன. மேலே வானம் மாசற்ற நீலமாக விரிந்திருக்கிறது. குவியலை நெருங்கிப் பார்த்தால் சில ஓடுகளில் வாள் வெட்டின் பிளவும் சிலவற்றில் குண்டு துளைத்த ஓட்டையும் காணப்படும். பிணங்கள் கிடந்து அழுகிய காலமெல்லாம் கடந்து, இனிக் கொத்துவதற்கு எதுவுமில்லாத நிலையிலும் காக்கைகள் போகாமலிருப்பதுதான் அக்காட்சியின் கொடுமை.

ஓவியத்தின் தலைப்பு விளக்கம் வேண்டுவது. மறைந்த பேரரசரைத் தெய்வங்களுள் ஒருவராக உயர்த்தி அறிவிக்கும் சடங்கு பண்டைய ரோமில் இருந்தது. பிற்கால ஐரோப்பிய ஓவியர்கள் ‘தெய்வமாக்கம்’ என்னும் அச்சடங்கின் பெயரை எடுத்து, மன்னர்களும் வீரர்களும் மேகங்களின் ஊடே விண்ணேறுவதாகக் காட்டும் துதிப் படங்களுக்குச் சூட்டினர். அத்தகைய மகுடத்தை மண்டையோட்டுக் குவியலுக்குச் சூட்டியது கசப்பான வஞ்சப்புகழ்ச்சி. ஆயினும் ஓவியர் முதலில் எண்ணியிருந்தது வேறொரு பெயர். பதினான்காம் நூற்றாண்டில் சமர்கந்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட தைமூர், தான் வென்ற நகரங்களின் வாயிலில் வெட்டுண்ட தலைகளால் கோபுரம் எழுப்பினார் என்பது வரலாறு. படமும் தைமூரின் வெற்றிவிழா என்னும் பொருளிலேயே கருக்கொண்டது. இன்னொரு தூண்டுதலும் கூறப்படுவதுண்டு. காஷ்கர் நகரைச் சிலகாலம் பிடித்து ஆண்ட வலிகான் தோரே என்பவர் தலைகளால் மேடு எழுப்பிய செய்தியும், இந்தியாவையும் இமயத்தையும் அளந்து ஆராய்ந்த ஜெர்மானியரான அடால்ஃப் ஷ்லாகின்ட்வைட் 1857-இல் அவர் ஆணையால் தலை வெட்டுண்ட செய்தியும் அக்காலத்து நடு ஆசியாவில் பரவலாக அறியப்பட்டிருந்தன.

தைமூர் என்ற பெயரோடு படம் நின்றிருந்தால் அது எவரையும் உறுத்தியிருக்காது. இறந்து நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலான, வேற்று மதத்து, வேற்று நாட்டு அரசன் ஒருவனின் கொடுமையாக அதைப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பர். ஆனால் வெரெஷ்சாகின் பெயரை மாற்றியதோடு நில்லாமல், படத்தைத் தாங்கும் சட்டத்தின் மீதே ஓர் அர்ப்பணத்தை எழுதச் செய்தார்: சென்ற காலத்தவரும் நிகழ்காலத்தவரும் வருங்காலத்தவருமாகிய மாபெரும் வெற்றியாளர்கள் அனைவருக்கும் இப்படம் உரியது என்பது அதன் பொருள். குண்டு துளைத்த ஓடுகள் தைமூர் காலத்தன அல்ல என்பதையும் சட்டத்தின் சொற்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஓவியரின் நோக்கம் விளங்கிவிடும். கித்தானில் இருப்பது பழங்கதையாகத் தோன்றலாம். குற்றச்சாட்டு சட்டத்தில் இருந்தது.

வெரெஷ்சாகின் 1842-இல் நோவ்கொரத் மாநிலத்தின் செரப்பவெத்ஸ் நகரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி பீட்டர்ஸ்பர்கின் கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1860-இல் வகுப்பில் முதல்வராகத் தேறிய பின், கடற்படைப் பணியை விடுத்துக் கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். கிரேக்கக் காப்பியக் காட்சி ஒன்றுக்காகக் கழகம் பாராட்டிய தம் ஓவியத்தைத் தாமே எரித்துவிட்டு வெளியேறியவர் அவர். அவர் கையில் நெருப்பு ஏறியது அதுவே முதன்முறை. பின்னர்ப் பாரிசில் ழான் லியோன் ஜெரோமிடம் பயின்றார். 1867-இல் ருஷ்யப் பேரரசு நடு ஆசியாவில் புதிதாகப் பிடித்திருந்த துர்கிஸ்தான் பகுதிக்குக் கவர்னர் ஜெனரலாக அமர்த்தப்பட்ட கான்ஸ்டன்டின் காஃப்மனின் அலுவலகத்தோடு இணைந்த ஓவியராகத் தாஷ்கந்து சென்றார். கைப்பற்றிய நாட்டின் மக்களையும் கட்டடங்களையும் வரைந்து பதிவது அவருக்கு இடப்பட்ட வேலை. வெற்றியாளருடன் ஊதியம் பெற்றுச் சென்றவர் அவர் என்பதை, அவரைச் சமாதானத் தூதராக மட்டும் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

1868-இல் காஃப்மனின் படை சமர்கந்தைப் பிடித்துக்கொண்டு மேலே நகர்ந்தபோது, கோட்டையில் சில நூறு வீரர்கள் மட்டுமே விடப்பட்டனர். அவர்களுள் பலர் நோயாளிகளும் காயமுற்றோரும் ஆவர். நகர மக்களும் சுற்றுப்புறத்தினரும் பல்லாயிரவராகத் திரண்டு அக்கோட்டையை ஏறத்தாழ ஒரு வாரம் முற்றுகையிட்டனர். வெரெஷ்சாகின் துப்பாக்கி ஏந்தி மதிலின் உடைப்புகளில் நின்று போரிட்டார். அதற்காகப் போர்முனை வீரத்துக்கு மட்டுமே வழங்கப்படும் புனித ஜார்ஜ் விருதின் நான்காம் நிலை அவருக்கு அளிக்கப்பட்டது. பிற்காலத்தில் பட்டம், பதவி, பதக்கம் அனைத்தையும் மறுத்த அவர் இவ்வொன்றை மட்டும் சட்டையில் அணிந்துகொண்டார். அவ்வாரத்தில் அவர் கண்டவையே அடுத்த ஆறு ஆண்டுகளின் ஓவியங்களுக்கு மூலப்பொருளாயின. ‘வெற்றிக்குப் பின்’ என்னும் படத்தில் இரு புகாரா வீரர்கள் வெட்டிய ருஷ்யத் தலை ஒன்றைக் கையில் ஏந்தி வியந்து பார்க்கின்றனர். அதன் இணையான ‘தோல்விக்குப் பின்’ என்னும் படத்தில் கீழே கிடக்கும் உள்நாட்டவரின் பிணங்களுக்கு அருகில் நின்று ருஷ்யச் சிப்பாய் ஒருவன் புகைக்குழாயைப் பற்றவைக்கிறான். வெற்றி, தோல்வி என்னும் இரு தலைப்புகளும் எதிரியின் பக்கம் நின்று சூட்டப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. சிப்பாயின் முகத்தில் வெறியும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலை முடித்த உழவன் வரப்பில் அமர்வதைப் போன்ற ஓய்வு மட்டுமே இருக்கிறது.

துர்கிஸ்தானில் எடுத்த குறிப்புகளையும் வாங்கிய ஆடை, ஆயுதங்களையும் கொண்டு 1871 முதல் 1874 வரை ஜெர்மனியின் மியூனிக் நகரில் தங்கி அவர் பெரும் ஓவியங்களைத் தீட்டினார். அவற்றுள் ஏழு படங்கள் ‘காட்டுமிராண்டிகள்’ என்னும் பொதுப்பெயரில், காப்பியத்தின் காண்டங்களைப் போலத் தொடர்ச்சியான கதையாக அமைந்தன. உள்நாட்டு வீரர்கள் ருஷ்ய முகாமை ஒளிந்து நோக்குவது, திடீரெனத் தாக்குவது, சிறு ருஷ்ய அணியைச் சூழ்ந்து துரத்துவது, வெட்டிய தலைகளைப் புகாரா ஆட்சியாளரான அமீரின் காலடியில் குவிப்பது, சமர்கந்தின் ரெகிஸ்தான் சதுக்கத்தில் கம்பங்களில் தலைகளை ஏற்றிவைத்து வெற்றி விழாக் கொண்டாடுவது, புனிதர் ஒருவரின் கல்லறையில் இறைவனுக்கு நன்றி செலுத்துவது என்று ஆறு படங்கள் செல்ல, ஏழாவதாக மண்டையோட்டுக் குவியல் வருகிறது. இந்த வரிசையிலே பார்த்தால் குவியல் அந்தக் ‘காட்டுமிராண்டிகளின்’ செயலின் முடிவாகத் தோன்றும். வரிசையை விட்டுத் தனியாக, சட்டத்து எழுத்தோடு பார்த்தால் எல்லோருடையதுமாகத் தோன்றும். இந்த இருமுகம் ஓவியரே அறிந்து வைத்ததா, அவருடைய மனத்திலும் அவ்வாறே பிளவுபட்டிருந்ததா என்று கேட்டால், பின்னதற்கே சான்று மிகுதி.

அத்தொகுதி 1873-இல் லண்டனின் படிக அரண்மனையிலும், 1874 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்கிலும் காட்சிக்கு வைக்கப்பட்டது. பீட்டர்ஸ்பர்கில் மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். கலைத் திறனாய்வாளர் விளாதீமிர் ஸ்தாசவ் போற்றி எழுதினார். ஆனால் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் சில படங்களின் முன் மனக்குறையை வெளிப்படுத்தினார் என்ற செய்தி பரவியது. காஃப்மனோ, பலர் கூடியிருந்த வரவேற்பொன்றில் ஓவியரை நிறுத்தி, அவர் ருஷ்யப் படையைப் பற்றிப் பொய் தீட்டியிருப்பதாகக் குற்றஞ்சாட்டினார். தளபதியின் சினத்துக்கு முதன்மையான காரணம் ‘மறக்கப்பட்டவன்’ என்னும் படம். ஆற்றோரச் சமவெளியில் ருஷ்யச் சிப்பாய் ஒருவன் இறந்து மல்லாந்து கிடக்கிறான். அருகே அவன் துப்பாக்கி. பருந்துகளும் காக்கைகளும் அவனை நோக்கி இறங்குகின்றன. அவனுடைய படைப்பிரிவோ திரும்பிப் பாராமல் போய்விட்டது. தம் தலைமையில் எந்த வீரனின் உடலும் களத்தில் கைவிடப்பட்டதில்லை என்பது காஃப்மனின் வாதம். அடுத்த சில நாள்களுக்குள் வெரெஷ்சாகின் ‘மறக்கப்பட்டவன்’, கோட்டைக்குள் பகைவர் புகுந்த காட்சி, ருஷ்ய அணி சூழப்பட்ட காட்சி ஆகிய மூன்று கித்தான்களையும் எடுத்துத் தீயிலிட்டார். ஏழு படக் காப்பியத்தில் மூன்றாவது காண்டம் அவ்வாறு அழிந்தது. இன்று அத்தொடர் ஓர் இடைவெளியோடுதான் நிற்கிறது.

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்பது தகும். எந்த வெற்றியாளரையும் விட்டுவைக்காமல் குற்றஞ்சாட்டும் மண்டையோட்டுப் படம் அக்கண்காட்சியில் தொங்கியது. அதை எவரும் எடுக்கச் சொல்லவில்லை. கம்பத்தில் ஏற்றிய தலைகளும் தொங்கின, அவையும் பொறுக்கப்பட்டன. பொறுக்கப்படாதவை மூன்றுமே ருஷ்யச் சிப்பாயின் சாவை, அதிலும் பயனின்றிக் கைவிடப்பட்ட சாவைக் காட்டியவை. போர் தீயது என்று பொதுவாகச் சொல்வதை எந்த அரசும் அன்று தடுத்ததில்லை, பெரும்பாலும் இன்றும் தடுப்பதில்லை. செத்தவன் நம்மவன், அவனைச் சாகவிட்டவரும் நம்மவர் என்று சொல்லும்போதுதான் நாட்டுப்பற்றுக்கு ஊறு நேர்ந்ததாகக் கூக்குரல் எழுகிறது. படம் தீட்டப்பட்டதற்கும் காட்டப்பட்டதற்கும் இடைப்பட்ட 1873-இல், கீவாப் படையெடுப்பின்போது, யோமுத் துர்க்மானியரைக் குடும்பத்தோடும் உடைமையோடும் அழிக்குமாறு ஆணையிட்டவர் இதே காஃப்மன். சட்டத்தில் எழுதிய ‘வருங்காலத்தவர்’ மூன்று ஆண்டு முடிவதற்குள் படத்தின் முன்னாலேயே வந்து நின்றார். எனினும் அவர் கோபித்துக்கொண்டது பக்கத்துப் படத்தைப் பார்த்து.

‘மறக்கப்பட்டவன்’ முற்றிலும் மறையவில்லை. அது எரிந்த அதே ஆண்டில் இசையமைப்பாளர் மொதெஸ்த் மூசோர்க்ஸ்கி, கவிஞர் கோலெனிஷ்சேவ் குத்தூசவ் எழுதிய வரிகளுக்குப் பண்ணமைத்து அதே தலைப்பில் ஒரு கதைப்பாடல் ஆக்கி ஓவியருக்கு உரித்தாக்கினார். அதன் வெளியீட்டையும் தணிக்கையினர் தடுத்தனர். படத்தின் நிழற்படம் ஒன்று மட்டும் தப்பியது. இன்று அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் அந்தச் சாம்பல் நிற நகலைக் கொண்டே பேசுகின்றனர்.

எஞ்சிய துர்கிஸ்தான் தொகுதியை மாஸ்கோ வணிகரும் ஓவியச் சேகரிப்பாளருமான பாவெல் த்ரெத்யாகோவ் 92,000 ரூபிளுக்கு வாங்கினார். தொகுதியைப் பிரிக்கக் கூடாது, அது ருஷ்யாவிலேயே பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பவை ஓவியரின் நிபந்தனைகள். விற்பனை பேசி முடிக்கப்பட்டபோது ஓவியர் இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். கலைக்கழகம் பேராசிரியர் பட்டம் அறிவித்தபோது, கலையில் பட்டமும் சிறப்பும் தீங்கானவை என்று பத்திரிகைவழி அவர் அதை மறுத்தது கழகத்தாரைக் கொதிக்கச் செய்தது. த்யுத்ரியூமவ் என்னும் கழக ஓவியர், இத்தனை பெரிய படங்களைத் தனியொருவர் தீட்டியிருக்க முடியாது, மியூனிக்கில் கூலிக்கு ஆள் வைத்தே தீட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார். மியூனிக் ஓவியர் சங்கமே அதை விசாரித்துப் பொய்யென மறுத்தது. படத்தின் பொருளை எதிர்க்க இயலாதபோது தீட்டியவனின் நாணயத்தைத் தாக்குவது பழைய வழக்கம்.

1877-இல் ருஷ்யாவுக்கும் ஓட்டோமான் துருக்கிக்கும் பால்கனில் போர் மூண்டது. துருக்கி ஆட்சியின்கீழ் இருந்த பல்கேரியக் கிறித்தவரை விடுவிக்கும் புனிதப் போராக அது ருஷ்ய மக்களிடம் அறிவிக்கப்பட்டிருந்தது. நாட்டுப்பற்று அவ்வளவு உச்சத்தில் இருந்த காலம் குறைவு. வெரெஷ்சாகின் பாரிசில் இருந்த வேலையை அப்படியே விட்டுப் போர்முனைக்கு விரைந்தார். தான்யூப் ஆற்றில் ‘ஷூத்கா’ என்னும் சிறு வெடிப்படகில் துருக்கிக் கப்பலைத் தாக்கச் சென்று தொடையில் குண்டடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். பிளெவ்னாக் கோட்டை மீதான மூன்றாம் தாக்குதலில் அவர் தம்பி செர்கேய் மாண்டார். இன்னொரு தம்பி அலெக்சாந்தர் காயமுற்றார். பழைய நாள்காட்டிப்படி ஆகஸ்ட் 30 அன்று, அதாவது பேரரசரின் பெயர்த் திருநாளன்று நடத்தப்பட்ட அத்தாக்குதலில் ருஷ்யரும் அவர்களுடன் நின்ற ருமேனியரும் மாண்டோரும் காயமுற்றோருமாகச் சுமார் 16,000 பேரை இழந்தனர். தம்பியின் உடலைத் தேடி அக்களத்தில் அலைந்தும் ஓவியரால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன்பின் வந்த பால்கன் தொகுதியில் வஞ்சப்புகழ்ச்சி மேலும் கூர்மையடைந்தது. பாரிசுக்கு அருகே மெசோன் லஃபீத் என்னும் ஊரில், சூரியன் நகர நகரத் தானும் தண்டவாளத்தில் சுழலும் திறந்தவெளிப் பட்டறை ஒன்றை அமைத்து, உண்மையான வெயிலில் மாதிரிகளை நிறுத்தி அவர் இவற்றைத் தீட்டினார். ‘பிளெவ்னாவில் இரண்டாம் அலெக்சாந்தர்’ என்னும் படத்தில் பேரரசர் குன்றின்மீது நாற்காலியிட்டு அமர்ந்திருக்க, பின்னே தளபதிகள் நிற்கின்றனர். போர் தொலைவில் புகைக்கோடாக மட்டும் தெரிகிறது. நாடகம் பார்க்க வந்தவரின் இருப்பே அது. ‘ஷிப்காவில் ஸ்கோபெலெவ்’ என்னும் படத்தில் பழைய இலக்கணம் கோரும் வெள்ளைக் குதிரையும் அதன்மேல் புகழ்பெற்ற தளபதியும் உண்டு. ஆனால் அவர் படையணியின் முன்னே பாய்ந்து செல்வது மிகத் தொலைவில், விரற்கடை அளவில். முன்தளம் முழுவதும் பனியில் உறைந்த பிணங்கள். கழக வகுப்பில் கீழ் மூலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் நடுவுக்கு வந்துவிட்டனர். நடுவில் இருந்தவர் மூலைக்குப் போய்விட்டார்.

அத்தொகுதியில் சிக்கனத்தால் சிறந்தது ‘ஷிப்காவில் எல்லாம் அமைதி’ என்னும் முப்படம். ஷிப்காக் கணவாயைக் குளிர்காலத்தில் காத்து நின்ற படையின் தளபதி ரதேத்ஸ்கி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் திரும்பத் திரும்ப இடம்பெற்ற தொடர் அது. முதற்படத்தில் பனிப்புயலில் காவலன் ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான். இரண்டாவதில் முழங்கால் பனியில் புதையக் குறுகுகிறான். மூன்றாவதில் பனிமேடு மட்டுமே உள்ளது. அக்கணவாயில் குண்டுக்கு இரையானோரைவிடக் குளிரால் விறைத்தும் நோயுற்றும் வீழ்ந்தோர் பன்மடங்கினர். இதில் எதிரி எங்குமே இல்லை. சிப்பாயைக் கொன்றது துருக்கியன் அல்லன். கம்பளியும் காலணியும் அனுப்பாதவர்களும், அமைதி என்று தந்தி அடித்தவர்களும் என்பதைப் படம் சொல்லாமல் சொல்கிறது. பட்டத்து இளவரசராயிருந்த மூன்றாம் அலெக்சாந்தர், இவ்வோவியர் ஒன்று விலங்காக இருக்க வேண்டும் அல்லது பித்தராக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் கடிந்ததற்கு, தேசியப் பெருமிதத்தைப் புண்படுத்தும் இத்தகைய போக்கே காரணம்.

த்ரெத்யாகோவுக்கே இத்தொகுதியில் ஐயம் இருந்தது. போர் பொதுவில் கொடியதாயினும், இந்தப் போரில் மக்கள் செய்த தியாகத்தையும் தனிமனிதரின் வீரத்தையும் காட்டும் படங்களே தமக்கு வேண்டும் என்று அவர் எழுதினார். தம் முன்னே நிற்பது போர் என்னும் ஒன்றே, அதைத் தம்மால் இயன்ற வலிமையெல்லாம் கொண்டு அடிப்பதே தம் வேலை என்பது ஓவியரின் மறுமொழி. நல்ல மனத்தவரான சேகரிப்பாளர் கேட்டதும், சினந்த தளபதி கேட்டதும் தன்மையில் வேறுபட்டாலும், நம்மவர் செத்ததற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்ற கோரிக்கையில் இரண்டும் ஒன்றே.

படங்கள் ஐரோப்பிய நகரங்களில் உலாவந்தன. 1881-இல் வியன்னாவில் நான்கு வாரங்களுக்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் பார்த்தனர். மாலையிலும் மின்விளக்கொளியில் காட்சி நடந்தது. நுழைவுக் கட்டணம் ஏழைகளும் தரக்கூடியதாக வைக்கப்பட்டது. பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெர்த்தா ஃபான் சுட்னர் இவ்வோவியரின் நண்பராகவும் ஆர்வலராகவும் ஆனார். 1882-இல் பெர்லினில், ஜெர்மானியப் படைத்தலைவர் மோல்ட்கே கண்காட்சிக்கு வந்து நெடுநேரம் பார்த்தார். பார்த்தபின் படைவீரர் அங்கே செல்லாதபடி தடை விதித்தார். செத்துக்கிடந்தவர் ருஷ்யரும் துருக்கியருமே என்றாலும், சிப்பாய் கண்ணுக்குச் சீருடையின் நிறம் பெரிய வேறுபாடாகத் தெரியாது என்பதைத் தொழிலறிந்த அந்த முதியவர் ஓவியத் திறனாய்வாளர்களைவிட விரைவில் உணர்ந்துகொண்டார் போலும்.

இந்தியாவைப் பற்றிய அவருடைய இரு ஓவியங்களின் கதி இதே உண்மையை வேறு வழியில் காட்டுவது. 1874 முதல் 1876 வரை அவர் ஆக்ரா, தில்லி, ஜெய்ப்பூர், சிக்கிம், காஷ்மீர், லடாக் என்று சுற்றினார். ருஷ்ய உளவாளி என்ற ஐயத்தோடு ஆங்கில அதிகாரிகள் அவரைக் கண்காணித்தனர். 1882-இல் மீண்டும் வந்தார். பிரிட்டிஷ் பட்டத்து இளவரசர் 1876-இல் யானை ஊர்வலமாக ஜெய்ப்பூருக்குள் நுழைந்த காட்சியைத் தீட்டிய மிகப் பெரிய கித்தான் கொல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் இன்றும் உள்ளது. மற்றொன்று 1884 அளவில் தீட்டிய ‘இந்தியக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்குதல்’. வரிசையாக நிற்கும் பீரங்கிகளின் வாயில் முதுகு பொருந்த இந்தியர்கள் கட்டப்பட்டிருக்கின்றனர். பக்கத்தில் சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் ஆணைக்குக் காத்திருக்கின்றனர். முன்னால் கட்டப்பட்ட முதியவரின் தலை சாய்ந்திருக்கிறது.

பீரங்கி வாயில் கட்டிச் சுடும் இத்தண்டனை முகலாயர் காலத்திலேயே வழங்கியது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதை எடுத்துக்கொண்டனர். வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்ததை அடக்கிய பின் நடந்த விசாரணையின் முடிவில் ஆறு பேர் இவ்வாறே கொல்லப்பட்டனர். 1857 கிளர்ச்சியை அடக்கியபோது அது வடநாட்டில் பெருவழக்காயிற்று. உடல் சிதறுவதால் எரிக்கவோ புதைக்கவோ உரிய சடங்குக்கு எதுவும் எஞ்சாது என்பதே அதன் அச்சத்தின் மையம். வெரெஷ்சாகின் படத்துக்கு உடனடிப் பின்னணியாகக் கருதப்படுவது 1872 ஜனவரியில் பஞ்சாபின் மலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்கள், அதாவது கூக்கா என்று அழைக்கப்பட்ட சமயப் பிரிவினர், அறுபதுக்கும் மேற்பட்டோர் முறையான விசாரணையின்றிப் பீரங்கிக்கு இரையாக்கப்பட்ட நிகழ்ச்சி. அதற்குப் பொறுப்பான துணை ஆணையர் கோவன் பணிநீக்கம் செய்யப்பட்டார் என்பதும் பதிவில் உள்ளது.

இப்படத்தை அவர் தனியே காட்டவில்லை. ரோமானியர் சிலுவையில் அறைந்தது, ஆங்கிலேயர் பீரங்கியில் கட்டியது, ருஷ்யர் அரசெதிர்ப்பாளரைத் தூக்கிலிட்டது என்று மூன்று மரணதண்டனைகளை ஒரே தொகுதியாக்கினார். 1887-இல் லண்டனின் குரோவ்னர் காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டபோது, பனியில் உறைந்த ருஷ்யர்களின் படங்களைப் பாராட்டிய அதே ஆங்கிலப் பார்வையாளரிடையே பீரங்கிப் படம் சினமூட்டியது. அது பழைய செய்தி, இக்காலத்துச் சீருடையோடு தீட்டியது அவதூறு என்றனர். பீட்டர்ஸ்பர்கில் காஃப்மன் பேசிய பேச்சே ஆங்கிலத்தில் திரும்ப ஒலித்தது. அந்த ஓவியம் இன்று எங்கே இருக்கிறதென்று அறியப்படவில்லை; யானை ஊர்வலம் இருக்கிறது, பீரங்கி வரிசை நிழற்பட நகல்களில் மட்டும் இருக்கிறது.

வெரெஷ்சாகினைக் குறையற்ற அமைதிவாதியாக நிறுத்துவது அவருக்கே பொருந்தாத புகழ். நடு ஆசியாவில் ருஷ்ய ஆட்சி பரவியதை அவர் தவறென்று கருதியதில்லை. ‘காட்டுமிராண்டிகள்’ என்ற பெயரே அதற்குச் சான்று. 1812-இல் நெப்போலியன் ருஷ்யாவில் நுழைந்து அழிந்த கதையைப் பல ஓவியங்களாகத் தீட்டியபோது, பனியில் நடுங்கும் பேரரசனை எள்ளியதோடு ருஷ்யக் குடியானவரின் கெரில்லாப் போரைப் பரிவுடனே காட்டினார். 1903-இல் ஜப்பானைச் சுற்றிப் பார்த்து அந்நாட்டின் கோயில்களையும் மக்களையும் அன்போடு வரைந்து திரும்பியவர், அடுத்த ஆண்டு போர் மூண்டவுடன் ஜப்பானை உறுதியோடு தண்டிக்க வேண்டும் என்று இரண்டாம் நிக்கலாய் பேரரசருக்குக் கடிதங்கள் எழுதினார். மண்டையோட்டுக் குவியலைத் தீட்டிய கையும் அக்கடிதங்களை எழுதிய கையும் ஒன்றே. தம் சட்டத்தில் எழுதிய சொற்களிலிருந்து தம் நாட்டை விலக்கிவைக்கும் ஆசை, காஃப்மனையும் லண்டன் பார்வையாளரையும் போல, அவரையும் முற்றாக விடவில்லை.

அறுபத்தொரு வயதில் அவர் மீண்டும் போர்முனைக்குப் புறப்பட்டார். மஞ்சூரியக் கடற்கரையில் ருஷ்யர் வசமிருந்த போர்ட் ஆர்தர் துறைமுகத்தில், பழைய கடற்படைப் பள்ளி மாணவர் என்ற உரிமையோடு, அட்மிரல் ஸ்தெபான் மக்காரவின் கொடிக்கப்பலான ‘பெத்ரபாவ்லவ்ஸ்க்’ போர்க்கப்பலில் ஏறினார். 1904 ஏப்ரல் 13 காலையில், வெளியே சென்று திரும்பிக்கொண்டிருந்த அக்கப்பல் ஜப்பானியர் விதைத்திருந்த கண்ணிவெடியில் மோதியது. வெடிமருந்து அறைகள் வெடிக்க, சில நிமிடங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. வெடிப்புக்குச் சற்று முன்பு வரை ஓவியர் தளத்தில் நின்று குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்ததைத் தப்பியவர்கள் கூறினர். அவருடைய உடல் கிடைக்கவில்லை. அவர் கடைசியாகத் தீட்டிய கித்தான் மட்டும் ஏறக்குறையச் சேதமின்றி மீட்கப்பட்டது. அதில் இருந்தது மக்காரவ் தலைமையில் அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து நடத்திய போர் ஆலோசனைக் கூட்டம்.